நான்கு முழக் கயிறும் நாள் முழுக்க வெயிலும்: ஆடு, மாடு, கோழி, நாய்க்குப் பொழுது போக்கும் வழிகள்

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் 19 வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலணியின் மேற்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். ஒரே வளைவு, ஒரே தையல், காலையிலிருந்து மாலை வரை. கை தானாக ஓடும். மனத்துக்குப் போக இடம் இருக்காது. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணும். மூன்றே இறக்கைதான். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் எண்ணுவேன்.

முதுகு வலி தாங்காமல் வேலையை விட்டு, மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டோடு இருக்கத் தொடங்கிய முதல் மாதத்தில்தான் செவலையைச் சரியாகக் கவனித்தேன். செவலை, பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் வாங்கிய ஜெர்சி கலப்புப் பசு. கட்டுத்தறியில் நின்றபடி நாக்கை வெளியே நீட்டும், சுருட்டும், உள்ளே இழுக்கும், மறுபடியும் நீட்டும். வாயில் ஒன்றும் இருக்காது. வெயிலின் வேலை என்றார் என் மாமியார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, நார்த்தீவனம் போதவில்லை, பொழுதும் போகவில்லை என்றார். எனக்கு அந்த மூன்று இறக்கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அன்றிலிருந்து செய்து பார்த்தவற்றில் பலித்ததையும் பாழானதையும் எழுதுகிறேன். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு இதில் அதிக இடமில்லை. விலங்குக்கு வேண்டியது பொம்மையை விடக் கொஞ்சம் வேலை.

மாட்டுக்கு: முதலில் கயிறு

நான்கு முழக் கயிற்றில் கட்டிப்போட்ட மாட்டுக்கு முன்னால் எதைத் தொங்கவிட்டாலும் அது வேடிக்கை ஆகாது. அதனால் முதல் செலவைக் கயிற்றுக்குச் செய்யுங்கள். வேப்ப மரத்து நிழலில் இரண்டு கல்தூண்களுக்கு இடையே 20 அடிக்குக் கம்பி இழுத்துக் கட்டினோம். கம்பியில் ஓர் இரும்பு வளையம். வளையத்தில் மாட்டுக் கயிறு. வளையம் நகர நகர மாடும் நடக்கும். நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தானே போய் நிற்கும். ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்: கம்பி உயரத்தில் இருந்தால், மாடு படுக்கும்போது தலை தரை வரை இறங்க கயிறு போதவேண்டும். பசு நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் படுத்திருக்கும் பிராணி. முதல் நாள் இரவு எங்கள் கணக்கு ஒரு முழம் தவறி, செவலை விடியும்வரை நின்றே கழித்தது. காலையில் அது என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அடுத்தது சொறிந்துகொள்ள ஓர் இடம். தெரு பெருக்கும் கடினமான பிளாஸ்டிக் பிரஷ் இரண்டை வாங்கி, கட்டையை வெட்டி, ஒன்றைக் கழுத்து உயரத்தில் நேராகவும் இன்னொன்றை முதுகு உயரத்தில் சாய்வாகவும் கொட்டகைக் கம்பத்தில் பொருத்தினேன். கழுத்து, தாடை, வாலடி என்று தன் நாக்கு எட்டாத இடத்தையெல்லாம் கொண்டுவந்து தேய்க்கும். கண் பாதி மூடிவிடும். திருகாணி போடுங்கள், ஆணி அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் தரையைக் காந்தத்தால் ஒருமுறை துழாவி எடுங்கள். மாடு தீவனத்தை மெல்லாமல் வாரி விழுங்கும். ஆணியோ கம்பித் துண்டோ உள்ளே போனால் இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு இதயம் வரை போய்விடும்.

தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் மொத்தமாகக் கொட்டுவதை நிறுத்தி, அதே அளவை ஐந்தாகப் பிரித்தேன். அதில் இரண்டு பங்கு தரையில் கிடைக்காது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் கொடியைக் கட்டாகக் கட்டி, பெரிய கண் வைத்த மூங்கில் கூடையில் திணித்து, கழுத்து உயரத்தில் தொங்கவிடுவேன். கூடை ஆடும், மாடு நாக்கை நுழைத்து ஒவ்வொரு கொத்தாக உருவவேண்டும். அரை மணியில் தீர்ந்துபோனது இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. வெறும் வாயில் நாக்கைச் சுழற்றுவது ஒரேயடியாக நின்றுவிடவில்லை, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. முதலில் இதற்கு வெங்காய மூட்டையின் நைலான் வலையைத்தான் பயன்படுத்தினேன். மூன்றாம் நாள் செவலை வலையையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தது. வாய்க்குள் கையை விட்டு ஒரு முழ நீளத்துக்கு உருவி எடுத்தேன். மென்று விழுங்கக்கூடிய நைலான், பிளாஸ்டிக் எதையும் மாட்டின் வாய் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பூசணம் பிடித்த கொடியும் வேண்டாம்.

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் பக்கம் 40 டிகிரி சர்வ சாதாரணம். அப்போது நெடுஞ்சாலை ஓரத்துத் தர்பூசணிக் கடைக்காரரிடம் தோலைக் கேட்டு வாங்கி வருவேன். அவருக்குக் குப்பை குறைகிறது. நன்றாகக் கழுவி, நான்கைந்து துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால், மாடு மூக்கால் தள்ளித் தள்ளித் துரத்திப் பிடித்துத் தின்னும்; கூடவே தண்ணீரும் குடித்துவிடும். அளவோடு போடுங்கள், சாணம் இளகிவிடும்.

கன்றுக்குட்டியின் கதை வேறு. வாளியில் பால் குடிக்கும் கன்று, குடித்து முடித்ததும் பக்கத்துக் கன்றின் காதையோ தொப்புளையோ சப்பத் தொடங்கும். வயிறு நிறைந்துவிட்டது, சப்பும் ஆசை தீரவில்லை. வாயைத் துணியால் துடைத்துவிட்டு உடனே ஒரு கைப்பிடி இளம்புல்லைக் கொடுங்கள். கால் மணி நேரம் அதிலே கழிந்தால் போதும், காதை மறந்துவிடும். என் மகன் தூக்கிப்போட்ட காற்றிறங்கிய கால்பந்தை ஒரு கிடேரி ஆறு மாதம் முட்டி விளையாடியது.

பாட்டு போட்டால் பால் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: 2001இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஆயிரம் பசுக்களிடம் சோதித்து, மெதுவான இசைக்கு ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 0.73 லிட்டர் கூடியதாகச் சொன்னார்கள். நான் ஒரு மாதம் பேட்டரி ரேடியோவை வைத்து அளந்து பார்த்தேன். எங்கள் செவலையிடம் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் கறக்கும்போது காலை உதைப்பது குறைந்தது. ரேடியோவுக்கா, பாட்டுக்கு நான் வேகத்தைக் குறைத்துக் கறந்ததற்கா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் வீட்டில் காளை விடும் விழாவுக்கென்று ஒரு காளை வளர்க்கிறார்கள். எங்கள் பக்கத்து விழாவில் காளைகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அந்தச் சில நொடிகளுக்காக மற்ற நாளெல்லாம் அது கட்டியே கிடக்கும். அண்ணனிடம் சொல்லி கொல்லையில் இரண்டு வண்டி செம்மண்ணைக் கொட்டவைத்தேன். தினமும் கொம்பால் குத்திக் குடைந்து, மண்ணை வாரித் தன் முதுகிலேயே போட்டுக்கொள்கிறது. மாலையில் யாராவது மண்ணைத் திரும்பக் குவித்துவைக்கவேண்டும், அவ்வளவுதான் செலவு.

கோழிக்கு: ஒரு பானை, ஒரு குழி

கூட்டில் அடைத்த கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கினால், இடம் நெருக்கடியா, தீவனத்தில் புரதம் குறைவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அவற்றுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். தரையைக் கிளறுவதற்கென்றே பிறந்த பறவை. கிளற எதுவும் இல்லாவிட்டால் பக்கத்துக் கோழியின் முதுகைத்தான் கிளறும்.

எங்கள் வீட்டுக் கோழிகளுக்குத் திருவிழா என்பது கறையான் பானை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். வாயகன்ற பழைய மண்பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய ஓலை ஆகியவற்றைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும். சொதசொதவென்று இருக்கக் கூடாது. ஈரம் கசிந்தால் போதும். மாலையில் கறையான் நடமாட்டம் உள்ள மண்ணில் கொஞ்சம் கொத்திவிட்டு, பானையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பே, எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். பானையைக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டினால் நடக்கும் கலவரத்தைப் பார்த்தால் உங்களுக்கும் பொழுது போகும். மருந்து அடித்த நிலத்துப் பக்கம் மட்டும் பானையை வைக்காதீர்கள்.

இரண்டாவது, மண் குளியல். இரண்டடி அகலம், முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, மழை படாமல் மேலே ஒரு தகரம் வையுங்கள். மணல், செம்மண், நன்றாக ஆறிய விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். காய்ந்த வேப்பிலையை நொறுக்கிச் சேர்க்கலாம். கோழி அதில் புரண்டு, இறகுக்குள் மண்ணை வாரி இறைத்து, பேனையும் உண்ணியையும் உதறும். முதன்முறை பார்ப்பவர்கள் கோழிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பதறுவார்கள். என் மருமகள் பதறினாள். சுண்ணாம்பு சேர்க்க வேண்டாம், தோலும் கண்ணும் எரியும்.

கீரையைத் தட்டில் போடாமல், முருங்கைக்கீரையோ முளைக்கீரையோ ஒரு கட்டு எடுத்து, கோழி எட்டிக் குதித்துக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கம்பு உதிரும் அளவுக்கு நாலைந்து ஓட்டை போட்டு உருட்டிவிடுங்கள். கொத்தினால் உருளும், உருண்டால் இரண்டு மணி விழும். பக்கத்திலேயே தட்டு நிறையக் கம்பு இருந்தாலும் பாட்டிலைத்தான் துரத்துகின்றன. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கும் அண்ணன் மகளிடம் சொன்னபோது, “இது புதிதில்லை அத்தை, 1963இலேயே ஜென்சன் என்ற அமெரிக்கர் எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார், சும்மா கிடைக்கும் தீனி இருந்தும் அவை விசையை அழுத்திச் சம்பாதித்துத் தின்றன” என்றாள். பல விலங்குகள் இப்படித்தானாம். பூனை மட்டும் விதிவிலக்காம். சும்மா கிடைத்தால் அதுவே போதும் என்று இருந்துவிடுமாம். எங்கள் பூனை சுண்டுவை அறிந்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

நாய், பூனை, கிளி

நாய்க்கு ஓட்டத்தை விட மூக்குக்குத்தான் அதிகம் வேலை கொடுக்கவேண்டும். எங்கள் டைகருக்கு இரவுச் சோற்றில் ஒரு பங்கைத் தட்டில் வைப்பதில்லை. பழைய கோணியை நான்காக மடித்து, மடிப்புகளுக்குள் கேழ்வரகு ரொட்டித் துண்டுகளையும் கருவாட்டுத் துணுக்குகளையும் ஒளித்துவைப்பேன். கருவாட்டை இரவெல்லாம் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவேன். மோந்து மோந்து அவன் தேடி முடிக்க 20 நிமிடம் ஆகும். பிறகு இரண்டு மணி நேரம் செத்தது போலத் தூங்குவான். முதல் நாள் அவன் கண் முன்னாலேயே ஒளித்துவையுங்கள். வித்தை பிடிபட்டதும் தோட்டம் முழுக்கப் பரப்பலாம்.

கோடையில் நுங்கு இருக்கிறது. சுளையைத் தின்றபின் மீந்த காயைத் தூக்கி எறியாமல், மூன்று கண்ணிலும் தயிர்ச்சோற்றை அடைத்து நாய்க்குக் கொடுங்கள். நாக்கை விட்டு நக்கி எடுக்கவேண்டும், காய் உருண்டு ஓடும், பின்னாலேயே போகவேண்டும். நக்கி முடித்துக் கடித்து நார் பிரிக்கத் தொடங்கியதும் வாங்கிவிடுங்கள். தேங்காய் மட்டைக்கும் இதே கட்டுப்பாடு. விழுங்கிய நார் குடலில் பந்தாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். நாயிடம் வாங்கிய காயைச் சீவி மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. நான் மாட்டுக்குத் தனிக்காய்தான் சீவுவேன்.

இன்னொன்றை நான்தான் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் தோல் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வெட்டுத்துண்டைக் கொண்டுவந்து நாய்க்குக் கடிக்கப் போடுவார்கள். நானும் போட்டேன். டைகர் பாதியை விழுங்கிவிட்டு மூன்று நாள் வாந்தி எடுத்தான். காலணித் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அதன்மேல் சாயமும் பூச்சும் இருக்கும். அது தின்பதற்கு இல்லை. வெந்த கோழி எலும்பும் வேண்டாம், சிலாம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றையும் பரிசாகக் கொடுக்காதீர்கள். மூன்றும் நாய்க்கு நஞ்சு. நடக்க அழைத்துப் போவதானால் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின் போங்கள். சாலையில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டி, குச்சியில் கட்டிய சேவல் இறகு. தினமும் பத்து நிமிடம் ஆட்டிவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்க விட்டுவிடுங்கள். விளையாட்டு முடிந்ததும் குச்சியை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். தையல் நூலைக் கொடுக்கவே கூடாது. பூனையின் நாக்கில் உள்முகமாக முள் இருக்கும். நூல் மாட்டினால் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஊசியோடு விழுங்குவதும் உண்டு. என் வீட்டில் நூற்கண்டுகள் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கிளிக்கு என்ன விளையாட்டு என்று ஒரு பெண் கேட்டாள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குப் பிடித்த விளையாட்டு பறப்பதுதான்.

ஆடு என்னும் அதிகாரி

எங்கள் வெள்ளாட்டுக் கிடாவுக்குத் தாசில்தார் என்று பெயர். தாடி ஒரு காரணம். எதையும் முகர்ந்து, புரட்டி, குறை கண்டுபிடித்தபிறகே நகர்வார் என்பது இன்னொரு காரணம். ஆட்டைப் போல எளிதில் சலித்துப்போகும் பிராணி எங்கள் வீட்டில் வேறில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏற இடம் கொடுங்கள். மின்வாரியக் கம்பி சுற்றி வரும் மர உருளை ஒன்று பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. அதன் பக்கத்தில் மூன்று பாறாங்கல்லைப் படியாக அடுக்கி, நடுவில் ஒரு பலகையைப் போட்டேன். பலகையில் குளம்பு வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டங்கள் அடிக்கவேண்டும். கல் ஆடக் கூடாது. நீங்களே ஏறி நின்று பாருங்கள். வேலியிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்காவது தள்ளி வையுங்கள். நான் ஓர் ஆள் நீளம்தான் விட்டேன். தாசில்தார் உருளையிலிருந்து ஒரே தாவில் பக்கத்து வீட்டுக் கத்தரித் தோட்டத்தில் இறங்கி, அங்கேயும் ஆய்வு நடத்திவிட்டு வந்தார். அந்த வீட்டு அக்காவுக்கு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பால் இலவசம்.

தழையைத் தரையில் போட்டால் ஆடு மிதித்து வீணாக்கும். வேம்பு, பூவரசு, அகத்தி, கொடுக்காப்புளிக் கிளைகளைக் கட்டி, முன்னங்காலைத் தூக்கி நின்றால்தான் வாய் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தினமும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். தொங்கும் கயிற்றில் சுருக்கு விழக்கூடாது. குட்டிகள் தலையை நுழைத்துக்கொள்ளும். சவுண்டல் (சூபாபுல்) தழையை எப்போதாவது கொடுக்கலாம். அதையே தொடர்ந்து கொடுத்தால் ரோமம் கொட்டும். அரளியையும் இளஞ்சோளப் பயிரையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள், இரண்டும் ஆட்டைக் கொல்லும் விஷம்.

புதிர்களும் வைக்கலாம். மூடியை மூக்கால் தள்ளினால் திறக்கும் மரப்பெட்டியில் ஒரு பிடி மல்லாட்டையைப் போட்டுவையுங்கள். பழகியதும் மூடிக்கு ஒரு கயிறு கட்டி, இழுத்தால் திறக்கும்படி மாற்றுங்கள். 2014இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் இப்படி ஒரு பெட்டியை ஆடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கயிற்றைப் பல்லால் இழுத்து, பிறகு நெம்புகோலைத் தூக்கினால்தான் தீனி விழும். பெரும்பாலானவை கற்றுக்கொண்டன, பத்து மாதம் கழித்தும் மறக்கவில்லை.

இதை நான் முன்பே படித்திருந்தால் பட்டியில் பழைய கொக்கியைத் திரும்ப மாட்டியிருக்கமாட்டேன். போன ஆடியில் தாசில்தார் பட்டிக் கொக்கியை உதட்டால் தூக்கித் திறக்கக் கற்றுக்கொண்டார். நான் தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாள் மழையில் துருப்பிடித்து இறுகிப்போனதும், இத்தனை மாதத்தில் மறந்திருப்பார் என்று நம்பிச் சித்திரையில் பழைய கொக்கியையே திரும்ப மாட்டினேன். நான் பூவரச மரம் வரைகூடப் போகவில்லை, பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. இப்போது கொக்கியும் இருக்கிறது, அதற்குக் கீழே சங்கிலியும் இருக்கிறது. மதிய வேளைகளில் அவர் அந்தச் சங்கிலிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு கண்ணியாக உதட்டால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.